ஆளில்லாத கோளில் மாட்டிக்கொண்ட இரண்டு தப்பியோடிகள்: இந்தக் காதலை நம்பும்படி எழுதுவது எப்படி?

மேற்குவானம்:

வணக்கம் நண்பர்களே. ஒரு விண்வெளிக் காதல் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி வரை வந்தாயிற்று. யாழி ஒரு சுரங்க நிறுவனக் கப்பலில் இயந்திரப் பொறியாளர். மாறன் அதே நிறுவனத்தில் கொத்தடிமையாக வேலை பார்த்தவன். இருவரும் கப்பலைக் கடத்திக்கொண்டு ஓடுகிறார்கள். யாரும் காலடி வைக்காத ஒரு கோளில் கப்பல் மோதி இறங்கிவிடுகிறது. பின்னால் தேடி வருகிறார்கள்.

சண்டை, துரத்தல் எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. காதலில்தான் நிற்கிறேன். அந்தக் கோளில் இருப்பதே இரண்டு பேர். அவள் அவனை விரும்புகிறாள் என்று எழுதியவுடன், "வேறு யார் இருக்கிறார்கள் விரும்ப?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. இது காதலா, வேறு வழியில்லாமல் ஒட்டிக்கொண்டதா? வாசகருக்கு அந்தச் சந்தேகம் வரவே கூடாது என்று நினைக்கிறேன். நான் எழுதியதில் ஒரு துண்டைப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"யாழி உணவுப் பொட்டலங்களைத் தரையில் வரிசையாக அடுக்கினாள். கிழிந்திருந்த ஒன்றைத் தனியே வைத்தாள். மாறன் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். 'அதில் பாதி கொட்டிப்போச்சு' என்றாள். 'தெரியும்' என்றான். அவள் அதைப் பிடுங்கித் திரும்பவும் நடுவில் வைத்தாள். மறுநாள் காலை விடிந்தபோதும் அது அங்கேயே இருந்தது."

இரவுவாசகர்:

அந்தப் பொட்டலம் நடுவிலேயே கிடப்பது ரொம்பப் பிடித்தது. யோசிக்காமல் தொடருங்கள். இரண்டு பேர் மட்டும், சுற்றிலும் யாரும் இல்லை என்பதுதான் இந்த வகைக் கதையின் சுகமே. சாதி கேட்க ஆள் இல்லை, சம்பளம் கேட்க ஆள் இல்லை, பக்கத்து வீட்டு ஜன்னல் இல்லை. அப்படி ஓர் இடம் வேண்டும் என்றுதான் இதைத் தேடிப் படிக்கிறோம். "வேறு யார் இருக்கிறார்கள்" என்ற கேள்வியை நீங்களாகக் கதைக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து.

விண்கணக்கு:

நல்ல துண்டு. ஆனால் "மறுநாள் காலை விடிந்தபோதும்" என்பதை நிறுத்திப் பாருங்கள். உங்கள் கோள் எந்த விண்மீனைச் சுற்றுகிறது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என நினைக்கிறேன். அதை முதலில் முடிவு செய்தால் காதல் காட்சிகள் பாதி தானாக வரும்.

நம் பால்வெளியில் பெரும்பான்மை விண்மீன்கள் சிவப்புக் குள்ளன்கள்தான், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீன்கள். கும்ப ராசித் திசையில், ஏறத்தாழ 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குள்ளன் இருக்கிறது. அதைச் சுற்றி ஏழு கோள்கள் என்று 2017 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஏழுமே பூமியின் பருமனை ஒட்டியவை. அதை மாதிரியாக வைத்துக்கொண்டு, விண்மீனுக்கு உங்கள் சொந்தப் பெயர் கொடுங்கள்.

உள்ளிருந்து நான்காவது கோளை எடுத்துக்கொள்வோம். அதன் ஓர் ஆண்டு நம் கணக்கில் 6.1 நாள்தான். விண்மீனுக்கு அவ்வளவு அருகில் சுற்றுவதால், நமக்கு நிலா ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, அந்தக் கோளும் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு பாதி நிரந்தரப் பகல், மறுபாதி நிரந்தர இரவு, நடுவில் ஒரு அந்திப் பட்டை. உங்கள் ஆட்கள் வாழ முடிந்தால் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான். அங்கே விண்மீன் தொடுவானத்தில் அசையாமல் நிற்கும். நம் சூரியன் நமக்குத் தெரிவதைப்போல நான்கு மடங்கு அகலமாகத் தெரியும். அதன் மேற்பரப்பு வெப்பம் பழைய குண்டு பல்பின் இழை வெப்பத்தை ஒட்டி இருப்பதால், வெளிச்சமும் கிட்டத்தட்ட அந்த நிறம்தான்.

அதாவது விடியல் கிடையாது, அஸ்தமனம் கிடையாது. எப்போது இரவு என்பதை யாழியும் மாறனும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்குத் தூக்கம் வந்தால் மற்றவருக்கும் அது இரவாகுமா? முதல் சண்டைக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இன்னொன்று. விண்மீன் அசையாது என்றால் மலையின் நிழலும் அசையாது. சிவப்புக் குள்ளன்களில் பலவற்றில் திடீர்ச் சுடர்வெடிப்பு வரும். முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, வெளிச்சம் கண்ணில் படும்போதே எக்ஸ் கதிரும் வந்து சேர்ந்துவிடும். எனவே குடிசை மலை நிழலில்தான். உண்ணத் தகுந்த ஏதாவது முளைத்தால் அது நிழலுக்கு வெளியேதான் முளைக்கும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒருவர் நிழலைவிட்டு வெளியே போக வேண்டும். யார் போவது?

மேற்குவானம்:

விண்கணக்கு சார், "யார் போவது" என்ற ஒரு வரிக்காகவே மூன்று அத்தியாயத்தைத் திருத்தப் போகிறேன். வானத்தில் நிலா உண்டா? காதல் கதையில் நிலா இல்லாமல் எழுத மனம் வரவில்லை.

விண்கணக்கு:

நிலா இருக்க வாய்ப்புக் குறைவு. பக்கத்துக் கோள்கள் போதும். ஐந்தாவது கோள் அருகே வரும்போது ஏறத்தாழ நம் முழு நிலா அளவுக்குத் தெரியும். 18 நாளுக்கு ஒருமுறை அது விண்மீனுக்கு நேர் எதிர்த் திசைக்கு வரும். அந்திப் பட்டையில் நிற்பவருக்கு ஒரு பக்கத் தொடுவானத்தில் சிவந்த விண்மீன், மறுபக்கத் தொடுவானத்தில் முழு ஒளியோடு ஐந்தாவது கோள். மாதக் கணக்குக்கு அவர்களிடம் இருக்கும் நாட்காட்டி அதுதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமினோ அமிலங்களுக்கு இடக்கையும் வலக்கையும்போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு அமைப்புகள் உண்டு. நம் உடலின் புரதங்கள் இடக்கை அமைப்புள்ளவற்றால் ஆனவை. அந்தக் கோளின் உயிர்கள் வலக்கை அமைப்பில் உருவாகியிருந்தால், அங்கே விளைவதை வயிறு நிறையத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. உங்கள் பொட்டலங்களுக்கு அப்போது இன்னும் கனம் கூடும்.

கடற்பறவை:

வானியலை விண்கணக்கு பார்த்துக்கொள்வார். தப்பியோடிகள் தொலைதூரத்தில் போய் ஒளிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நடந்த கதையே இருக்கிறது. பசிபிக் கடலில் பிட்கெய்ர்ன் தீவு.

1789 ஏப்ரல் 28 அன்று பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஃபிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம் நடந்தது. கப்பல் தலைவர் வில்லியம் பிளையையும் அவரோடு 18 பேரையும் ஒரு சிறு படகில் இறக்கிவிட்டார்கள். பிடிபட்டால் தூக்கு. கலகக்காரர்களில் ஒரு பகுதியினர் தஹிதித் தீவிலேயே தங்கிவிட, கிறிஸ்டியனும் எட்டுப் பேரும், பாலினீசிய ஆண்கள் ஆறு பேரும், பத்துக்கு மேற்பட்ட பெண்களும் கப்பலில் கிளம்பினார்கள்.

அவர்கள் பிட்கெய்ர்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1767இல் கார்ட்டரெட் என்ற கடலோடி அந்தத் தீவைப் பார்த்துக் குறித்து வைத்தார். தீர்க்கரேகையைத் தவறாகக் குறித்துவிட்டார், சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி. வரைபடத்தை நம்பித் தேடி வருகிற கடற்படைக்கு அங்கே வெறும் தண்ணீர்தான் தெரியும். அவர்களைப் பிடிக்க அனுப்பிய பண்டோரா கப்பல் 1791இல் தஹிதியில் 14 பேரைப் பிடித்தது, பிட்கெய்ர்னைக் கண்டுபிடிக்கவே இல்லை. 1808இல் டோபாஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தற்செயலாக அங்கே போனபோது கலகக்காரர்களில் ஜான் ஆடம்ஸ் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார், சுற்றிலும் பெண்களும் குழந்தைகளும்.

உங்கள் கோளும் விண்மீன் பட்டியலில் தப்பாகக் குறிக்கப்பட்டதாக இருக்கட்டும்.

விண்கணக்கு:

விண்மீனைத் தப்பாகக் குறித்ததாக எழுதினால் இன்று எடுபடாது. கையா தொலைநோக்கி கிட்டத்தட்ட இருநூறு கோடி விண்மீன்களின் இடத்தை அளந்துவிட்டது. ஆனால் கோள் ஒளிய முடியும். டிராப்பிஸ்ட்-1 கோள்கள் தெரிந்ததே, நம் பார்வையில் அவை விண்மீனின் முகத்தைக் கடந்து போகும்போது அதன் ஒளி சற்று மங்குவதால்தான். சுற்றுப்பாதை கொஞ்சம் சாய்ந்திருந்தால் அந்த மங்கலே வராது. இருக்கிற விண்மீன், இல்லாத கோள் என்று பட்டியலில் இருக்கட்டும்.

செம்பருத்தி:

கடற்பறவை சொன்னதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அதை ஆண்கள் தப்பித்த கதையாக மட்டும் சொல்லிவிட்டார். மேற்குவானம் கேட்ட கேள்விக்கு விடை அந்தப் பெண்களிடம்தான் இருக்கிறது.

அந்தப் பெண்கள் எப்படிக் கப்பலில் வந்தார்கள்? தஹிதிக் கரையில் நின்ற கப்பலுக்கு வந்திருந்தபோது, இரவில் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஒரு பெண் கடலில் குதித்து நீந்திக் கரைக்குத் திரும்பினாள். மற்றவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. 1790 ஜனவரி 23 அன்று பிட்கெய்ர்னில் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். யாரும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக வைத்த தீ. ஆனால் எரிந்தபோது அந்தப் பெண்களின் ஊரும் சேர்ந்து போய்விட்டது.

அப்புறம் என்ன நடந்தது? ஒரு கலகக்காரனின் துணைவி பாறையிலிருந்து விழுந்து இறந்தாள். அவன் பாலினீசிய ஆண் ஒருவனுடைய துணைவியை எடுத்துக்கொண்டான். அங்கே தொடங்கியது. 1793 செப்டம்பரில் கிறிஸ்டியன் உட்பட ஐந்து வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பாலினீசிய ஆண்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

1794 ஆகஸ்டில் அந்தப் பெண்கள் தாங்களே ஒரு படகு கட்டினார்கள். ஜென்னி என்று வெள்ளையர்கள் பெயர் வைத்திருந்த பெண் தன் வீட்டுப் பலகைகளைப் பெயர்த்துக் கொடுத்தாள். நடுக்கடலில் ஒரு புள்ளி அந்தத் தீவு. இருந்தும் படகை இறக்கினார்கள். இறக்கியதும் கவிழ்ந்துவிட்டது. அதே ஜென்னி 1817இல் ஒரு கப்பலில் ஏறித் தீவை விட்டுப் போனாள். அவள் சொன்ன விவரம் 1819இல் சிட்னிப் பத்திரிகை ஒன்றில் வந்தது.

இதைப் படித்த பிறகு "ஆளில்லாத இடம், இரண்டே பேர், ஆகா" என்று என்னால் வாசிக்க முடிவதில்லை. போக முடியாத இடத்தில் "இருக்கிறேன்" என்று ஒருத்தி சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லை. உங்கள் யாழிக்கு, மாறனுக்கும்தான், அந்தக் கோளைவிட்டுப் போக ஒரு வழி வேண்டும். கப்பல் பழுது சரியாக வேண்டும். கதை முடிவில் இல்லை, நடுவிலேயே.

இரவுவாசகர்:

செம்பருத்தி, நீங்கள் சொல்வது கனமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் யாழி கடத்தி வரப்பட்டவள் இல்லையே. இருவரும் சேர்ந்துதானே ஓடினார்கள்? பிட்கெய்ர்ன் பெண்களோடு அவளை ஒப்பிடுவது சரியா?

செம்பருத்தி:

அவள் சரி. மாறன்? அவன் கொத்தடிமையாக இருந்தவன். கப்பல் ஓட்டத் தெரிந்தவள், பழுது பார்க்கத் தெரிந்தவள் அவள் மட்டும்தான். அந்தக் கோளில் அவன் யாரை நம்பி இருக்கிறான்? ஒரு முதலாளியிடமிருந்து தப்பி, இன்னொருவர் கையில்தான் நிற்கிறான். அவள் நல்லவளாக இருப்பதால் இது மாறிவிடாது.

பாலைநிலா:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நம் அகப்பாடல்களில் உடன்போக்கு இருக்கிறதே, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை? வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பி, தண்ணீரில்லாத சுரத்தைக் கடக்கும் இருவர். பின்னால் அண்ணன்மார் துரத்தி வரலாம். வழியில் கள்வர் இருக்கிறார்கள். இது தப்பியோடிகளின் கதையேதான்.

அந்தப் பாடல்களில் காதலர்களோடு நின்றுவிடுவதில்லை. ஐங்குறுநூற்றுப் பாலையில் ஓதலாந்தையார் மகளைப் போகவிட்ட தாய் புலம்புவதற்கென்றே ஒரு பத்துப் பாடல் வைத்திருக்கிறார். திரும்பி வருவதற்கும் தனியாக ஒரு பத்து, மறுதரவுப் பத்து. ஓடிப்போனவர்கள் திரும்பி வரலாம் என்ற இடம் அங்கே இருக்கிறது. செம்பருத்தி கேட்கிற வழி அதுதான் என்று நினைக்கிறேன்.

கலித்தொகையில் செவிலித்தாய் சுரத்தில் மகளைத் தேடிக்கொண்டு போவாள். எதிரே முக்கோல் ஏந்திய அந்தணர்கள் வருவார்கள். பார்த்தீர்களா என்று கேட்பாள். பார்த்தோம் என்பார்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசிக்கொள்பவருக்குத்தானே பயன், மலைக்கு என்ன பயன் என்று அவளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். மேற்குவானம், உங்கள் கதையில் துரத்தி வருகிற கப்பலில் யார் இருக்கிறார்கள்? நிறுவனத்தின் காவலர்கள் மட்டும்தானா?

மேற்குவானம்:

காவலர்கள் மட்டும்தான் வைத்திருந்தேன். யாழியின் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை எழுதும்போதே அவளுடைய அம்மாவின் முகம் தெரிகிறது.

விண்கணக்கு:

அப்படியானால் இந்தக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், பாலைநிலா சொன்னதோடு அப்படியே பொருந்துகிறது.

கப்பல் ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் போகிறது என்று வையுங்கள். தொலைவு 40 ஒளியாண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு அந்தப் பயணம் 40 ஆண்டும் ஐந்து மாதமும். கப்பலுக்குள் இருப்பவர்களுக்கு 5.7 ஆண்டுதான். யாழி 25 வயதில் கிளம்பினால் 31 வயதுக்குள் இறங்கிவிடுவாள். வீட்டிலிருந்த அம்மாவுக்கு அதற்குள் 40 வயது கூடியிருக்கும்.

இப்போது உங்கள் இரண்டு தாய்களையும் வைத்துப் பாருங்கள். பெற்றவள் வீட்டில் இருக்கிறாள். அவள் கிழவியாகிறாள், அல்லது இறந்துபோகிறாள். வளர்த்தவள் தேடிக்கொண்டு அதே வேகத்தில் கப்பலில் வருகிறாள். அவளுக்கும் ஆறு வயதுக்குள்தான் கூடும். அவள் மட்டும் மகளை அதே முகத்தோடு பார்ப்பாள்.

ஏன் ஆளில்லாத கோள் என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. அவர்கள் ஓடிய அன்றே நிறுவனம் பிடியாணையை வானலையில் அனுப்பினால், அது ஒளி வேகத்தில் போகும். ஆட்கள் வந்து இறங்குவதற்கு ஐந்து மாதம் முன்பே அது அங்கே சேர்ந்துவிடும். மனிதர்கள் குடியிருக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் அவர்கள் முகம் அவர்களுக்கு முன்னாலேயே போயிருக்கும். கேட்பதற்கு வானலைப் பெட்டியே இல்லாத இடம்தான் மிச்சம்.

கடற்பறவை:

இது அருமை. பிட்கெய்ர்ன்காரர்களுக்கு வரைபடப் பிழை காவல். இவர்களுக்குக் கேட்க ஆளில்லாததுதான் காவல்.

மேற்குவானம்:

எல்லோருக்கும் நன்றி. கதையை இப்படி மாற்ற நினைக்கிறேன். நடு அத்தியாயத்தில் யாழி ஒரு உண்மையைக் கண்டுபிடிக்கிறாள்: கப்பல் திரும்பப் பறக்கும். மாறனிடம் சொல்லாமல் வைத்துக்கொள்கிறாள். சொன்னால் அவன் போய்விடுவானோ என்ற பயம். பல நாள் கழித்து அவனுக்குத் தெரிகிறது, சண்டை வருகிறது, அப்புறம் சேர்கிறார்கள். சரியாக வருமா?

இரவுவாசகர்:

வரும். அவள் பயத்தால் செய்தது என்று வாசகருக்குப் புரியும். அவன் மன்னிக்கும் காட்சியை நன்றாக எழுதினால் கண் கலங்கிவிடும்.

செம்பருத்தி:

வேண்டாம், மேற்குவானம். தயவுசெய்து வேண்டாம். அவள் மறைத்த ஒவ்வொரு நாளும் கப்பலுக்கு ஒரு தீக்குச்சி கிழித்ததாகத்தான் ஆகும். அடிமைத்தனத்திலிருந்து வந்தவனிடம் "உனக்கு வழி இல்லை" என்று பொய் சொன்னவளை அவன் மன்னிக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அவன் சொல்லும் "சரி" எதையும் நான் நம்ப மாட்டேன். மன்னிப்பு நல்ல காட்சியாக வரும் என்பதற்காக இதைச் செய்யாதீர்கள். பயத்தை அவளுக்குள்ளேயே வையுங்கள். கண்டுபிடித்த அன்றே, கை நடுங்கிக்கொண்டே சொல்லட்டும்.

பாலைநிலா:

நானும் செம்பருத்தி பக்கம்தான். உடன்போக்கில் அவள் தானாகக் கிளம்புகிறாள் என்பதால்தான் வழியில் பார்க்கிறவர்கள்கூட வாழ்த்துகிறார்கள்.

இரவுவாசகர்:

அன்றே சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடாதா? அவன் இருக்கிறேன் என்பான், அவ்வளவுதானே. மிச்சப் பாதியில் என்ன இருக்கும்?

செம்பருத்தி:

அவன் உடனே இருக்கிறேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? அவனுக்கு ஊரில் யாரும் இல்லையா? கடனுக்கு ஈடாகப் பிடித்து வைத்திருக்கும் தம்பியோ அப்பாவோ இருந்தால்? நாற்பது ஆண்டு போயிருக்கும், திரும்பிப் போனால் இன்னொரு நாற்பது. போனால் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் அவனுக்குப் போகத் தோன்றலாம். அவள் அதற்கு உதவ வேண்டும். எரிபொருள் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும், ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். கப்பலை அவள் இல்லாமலும் அவன் எடுத்துக்கொண்டு போக முடியும் என்ற நிலை வந்த பிறகு அவர்கள் ஒருவரையொருவர் தொடுவதை எழுதுங்கள். மிச்சப் பாதி முழுக்க அதற்கே போதாது.

இரவுவாசகர்:

ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அத்தியாயங்களை நான் கட்டாயம் படிப்பேன்.

மேற்குவானம்:

முடிவு செய்துவிட்டேன், அன்றே சொல்கிறாள். மாறனுக்கு ஒரு தங்கை, சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்தவள். விண்கணக்கு சார், கடைசியாக ஒன்று. அவன் கிளம்புவதற்கு நாள் குறிக்க வேண்டும். ஐந்தாவது கோள் முழுதாகத் தெரியும் நாளில் கிளம்ப ஏதாவது அறிவியல் காரணம் உண்டா? அழகுக்காக மட்டும் வைக்க விரும்பவில்லை.

விண்கணக்கு:

உண்டு. அன்றுதான் ஐந்தாவது கோள் மிக அருகில் இருக்கும், ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். அதை ஒட்டிப் பறந்து அதன் ஈர்ப்பில் பாதையை வளைத்துக்கொள்ள வேண்டுமானால், அந்த நெருக்கத்தை ஒட்டித்தான் கிளம்பும் நேரத்தைக் கணிக்க வேண்டும். 99 சதவீத வேகத்துக்கு அது ஒன்றும் இல்லை, முதன்மை இயந்திரம்தான் தள்ள வேண்டும். ஆனால் முதன்மை இயந்திரத்தைக் கோளுக்கு அருகில் இயக்கினால் கீழே குடிசையில் இருப்பவள் எரிந்துபோவாள். எனவே சிறு இயந்திரத்தில் மெல்ல விலகி, ஐந்தாவது கோளைத் தாண்டி, அதன் மறைவுக்குப் போன பிறகுதான் முதன்மை இயந்திரத்தை ஏற்ற வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு 18 நாள் கழித்து.

மேற்குவானம்:

அப்படியானால் 18 நாளுக்கு ஒருமுறை அவன் போகலாம். ஒவ்வொரு முறையும் அவள் கப்பலைத் தயாராக வைக்கிறாள். அடுத்த அத்தியாயம், மாறன் எரிபொருள் கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. எழுதி முடித்ததும் இதே இழையில் போடுகிறேன்.